என்.கே. செல்களின் சைட்டோகைன் சைகைகளை அளப்பது எப்படி: அழற்சி தூண்டப்படுவதையும் தணிக்கப்படுவதையும் பிரித்தறியும் ஆய்வக வழிமுறை

அழற்சி பற்றிய ஆய்வில் புதிதாக இறங்கும் மாணவர்கள் பலர், நோயெதிர்ப்பு அணுக்களான இயற்கைக் கொல்லி செல்களை, அதாவது என்.கே. செல்களை, ஏதேனும் ஒரு தூண்டியுடன் இரவு முழுவதும் வளர்த்து, மறுநாள் காலையில் இன்டர்ஃபெரான்-காமா என்ற சைட்டோகைனை (செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பச் சுரக்கும் புரதம்) அளந்து, அளவு கூடியிருந்தால் இவை அழற்சியைத் தூண்டுகின்றன என்றும், குறைந்திருந்தால் தணிக்கின்றன என்றும் எழுதிவிடுகிறார்கள். அந்த ஒற்றை எண்ணிலிருந்து இந்த முடிவுக்கு வர இயலாது. ஒரே என்.கே. செல் தொற்றின் முதல் சில மணி நேரத்தில் இன்டர்ஃபெரான்-காமாவைச் சுரந்து மேக்ரோஃபேஜை, அதாவது கிருமிகளை விழுங்கும் நோயெதிர்ப்புச் செல்லை, உசுப்பிவிடவும், தூண்டல் நாள்கணக்கில் நீடித்தால் ஐஎல்-10 (இன்டர்லூக்கின்-10) என்ற சைட்டோகைனைச் சுரந்து அதே மேக்ரோஃபேஜை அடக்கவும், சுரப்பு எதுவும் இல்லாமலே அதைத் தொட்டுக் கொன்று அழற்சியின் ஊற்றையே அடைக்கவும் கூடும். ஆகவே எந்தச் சைகை வந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, அருகிலிருந்த செல் அதற்குப் பிறகு என்ன செய்தது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தரும் வகையில் சோதனையை அமைக்க வேண்டும். அந்த அமைப்பை மனித இரத்த மாதிரியைக் கொண்டு எப்படிச் செய்வது என்பதை இங்கே விளக்குகிறேன்.

தொடங்கும் முன் மனத்தில் இருக்க வேண்டிய வரைபடம்

மனித இரத்தத்தின் லிம்போசைட்டுகள் எனும் வெள்ளையணுக்களில் ஏறக்குறைய 5 முதல் 15 சதவீதம் என்.கே. செல்கள். செல்லின் மேற்பரப்புப் புரதங்களைச் சிடி எண்களால் குறிப்பார்கள்; சிடி3 இல்லாமல் சிடி56 உள்ளவை என்று இவற்றை அடையாளம் காண்கிறோம். இவற்றுள் பெரும்பான்மை சிடி56 மங்கலாகவும் சிடி16 மிகுந்தும் இருக்கும். பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவானவை சிடி56 பிரகாசமாக இருக்கும். பிரகாசமானவை சைட்டோகைன்களுக்குத் தாராளமாக மறுமொழி தந்து இன்டர்ஃபெரான்-காமாவைச் சுரப்பவை, மங்கலானவை கொல்பவை என்று பாடநூல்கள் பிரிப்பது பாதி உண்மைதான். இலக்குச் செல்லைத் தொட்டவுடன் முதல் இரண்டு, நான்கு மணி நேரத்திற்குள் மங்கலானவையும் கணிசமாகச் சுரக்கின்றன. அந்த எழுச்சி விரைவில் அடங்கிவிடுவதால், மறுநாள் காலையில் மட்டும் பார்ப்பவரின் கண்ணுக்கு அது தட்டுப்படுவதில்லை.

உள்ளே வரும் சைகைகளில் நான்கைத் தனித்தனியாக அறிந்திருக்க வேண்டும். ஐஎல்-12 என்ற சைட்டோகைன், ஜாக்2, டைக்2 ஆகிய கைனேஸ் நொதிகள் வழியாக, மரபணுக்களை இயக்கும் ஸ்டாட்4 என்ற புரதத்தில் பாஸ்பேட்டை ஏற்றுகிறது (பாஸ்பரசேற்றம்). 1989-இல் ஐஎல்-12 முதன்முதலில் விவரிக்கப்பட்டபோதே என்.கே. செல்களைத் தூண்டும் காரணியாகத்தான் விவரிக்கப்பட்டது. ஐஎல்-18 ஆனது மைடி88 என்ற இணைப்புப் புரதம் வழியாக என்எஃப்-கப்பா-பி என்ற மரபணு இயக்கியை எழுப்புகிறது. ஐஎல்-15 ஆனது ஜாக்1, ஜாக்3 வழியாக ஸ்டாட்5-ஐ இயக்கி, செல்லின் உயிர்வாழ்வையும் எண்ணிக்கையையும் தாங்குகிறது. உடலில் இது பெரும்பாலும் கரைந்த நிலையில் வருவதில்லை, டென்ட்ரிடிக் செல்லோ மோனோசைட்டோ (மேக்ரோஃபேஜின் முன்னோடி) தன் மேற்பரப்பிலுள்ள ஏற்பியில் ஏந்தி அடுத்த செல்லுக்குக் காட்டுகிறது. நான்காவது வகை ஆல்ஃபா, பீட்டா இன்டர்ஃபெரான்கள். இவை கொல்லும் திறனை உயர்த்துகின்றன.

ஐஎல்-12 தனியாகவோ ஐஎல்-18 தனியாகவோ தரும் இன்டர்ஃபெரான்-காமாவின் அளவு சொற்பம். இரண்டும் சேரும்போது கிடைப்பது தனித்தனி அளவுகளின் கூட்டுத்தொகையைவிடப் பன்மடங்கு அதிகம். அழற்சிக் கட்டுப்பாட்டின் முதல் பூட்டு இங்கேதான் இருக்கிறது: ஒரே ஒரு செல் தவறாகக் கொடுக்கும் ஒற்றைச் சைகைக்கு என்.கே. செல் முழு வேகத்தில் மறுமொழி தருவதில்லை. வெளியே போகும் சைகைகளில் இன்டர்ஃபெரான்-காமா, டிஎன்எஃப், ஜிஎம்-சிஎஸ்எஃப், சிசிஎல்3, சிசிஎல்4, சிசிஎல்5 ஆகியவை அழற்சியை வளர்க்கும் பக்கத்திலும், ஐஎல்-10 தணிக்கும் பக்கத்திலும் நிற்கின்றன. இந்தப் பிரிப்பும் முழுமையானதன்று. இன்டர்ஃபெரான்-காமாவே ஐஎல்-18-ஐப் பிடித்து முடக்கும் புரதத்தின் உற்பத்தியைத் தூண்டுகிறது. தன்னை வரவழைத்த சைகையைத் தானே மட்டுப்படுத்தும் பின்னூட்டம் அது.

மாதிரியைத் தயாரித்தல்

கொடையாளரின் ஒப்புதலும் நிறுவன நெறிமுறைக் குழுவின் அனுமதியும் பெற்ற பின், சோடியம் ஹெப்பாரின் குழாயில் இரத்தத்தை எடுக்க வேண்டும். மனித இரத்தத்தைக் கையாள்பவர் ஹெபடைட்டிஸ்-பி தடுப்பூசி போட்டிருப்பதும், இரண்டாம் நிலை உயிரிப் பாதுகாப்பு அறையில் வேலை செய்வதும் கட்டாயம். எடுத்த இரத்தத்தைக் குளிர்பெட்டியில் வைக்கக்கூடாது. அறை வெப்பநிலையிலேயே வைத்து, சில மணி நேரத்திற்குள் பிரித்துவிட வேண்டும். பாஸ்பேட் தாங்கல் கரைசலில் சம அளவு கலந்து, மில்லிலிட்டருக்கு 1.077 கிராம் அடர்த்தியுள்ள ஃபைகால் கரைசலின் மேல், குழாயைச் சாய்த்துப் பிடித்து மெதுவாக ஊற்ற வேண்டும். 400 ஜி விசையில் 30 நிமிடம், மையவிலக்கியின் பிரேக்கை நிறுத்திவிட்டுச் சுழற்றினால், பிளாஸ்மாவுக்கும் ஃபைகாலுக்கும் இடையே வெண்ணிற வளையம் தெரியும். பிரேக் போட்டால் அந்த வளையம் கலங்கிவிடும். வளையத்தை மட்டும் எடுத்து, 300 ஜி-யில் ஒருமுறை, 200 ஜி-யில் ஒருமுறை, ஒவ்வொன்றும் 10 நிமிடம் கழுவ வேண்டும். இரண்டாவது, குறைந்த விசைக் கழுவல் தட்டணுக்களை நீக்குவதற்காக. தட்டணுக்கள் டிஜிஎஃப்-பீட்டாவை ஏராளமாகச் சேமித்து வைத்திருப்பவை. டிஜிஎஃப்-பீட்டாவோ என்.கே. செல்களின் இன்டர்ஃபெரான்-காமா சுரப்பை அடக்கும் முதன்மையான சைகைகளில் ஒன்று. இந்தக் கழுவலைத் தவிர்த்தால், அறியாமலேயே ஓர் அடக்கியைச் சோதனைக்குள் சேர்த்தவராவீர்கள்.

ஒரு மில்லிலிட்டர் இரத்தத்திலிருந்து ஏறத்தாழ 10 லட்சம் ஒற்றைக்கரு செல்கள் (லிம்போசைட்டுகளும் மோனோசைட்டுகளும்) கிடைக்கும் என்று கணக்கிடலாம். வளர்ப்புத் தட்டின் ஒரு குழிக்கு 5 லட்சம் செல்கள் வைத்தால், அவற்றில் என்.கே. செல்கள் சுமார் 50,000. அவற்றுள் சிடி56 பிரகாசமானவை 5,000-க்கும் குறைவு. சாயமேற்றும்போது நேரும் இழப்புகளையும் கழித்துவிட்டால் பகுப்பாய்வுக்கு எஞ்சுவது இன்னும் சொற்பம். எத்தனை குழிகள் தேவை, எவ்வளவு இரத்தம் கேட்க வேண்டும் என்பதை இந்தக் கணக்கிலிருந்து பின்னோக்கி நிர்ணயிக்க வேண்டும்.

அடுத்த முடிவு, கலவையாக வைப்பதா, என்.கே. செல்களை மட்டும் பிரித்தெடுப்பதா என்பது. கலவையில் மோனோசைட்டுகளும் டி செல்களும் இருப்பதால் சூழல் உடலுக்கு நெருக்கமாக இருக்கும். ஆனால் செல்களுக்கு மேலுள்ள ஊடகத்தில், அதாவது மேல்திரவத்தில், கிடைக்கும் இன்டர்ஃபெரான்-காமா யார் சுரந்தது என்று சொல்ல முடியாது. பிரித்தெடுத்தால் சுரந்தவர் யார் என்பது உறுதி. ஆனால் அவற்றுக்குச் சைகை தரும் அண்டைச் செல் இல்லை. என் பரிந்துரை, இரண்டையும் ஒரே கொடையாளரில் இணையாகச் செய்வது. பிரித்தெடுக்கும்போது, மற்றச் செல்களைக் காந்தத்தால் அகற்றி என்.கே. செல்களைத் தொடாமல் விடும் எதிர்மறைத் தேர்வு முறையையே பயன்படுத்த வேண்டும். தேடும் செல்லின் மேலேயே ஆன்டிபாடியை ஒட்டிப் பிடிக்கும் முறையில், பிடித்த செயலே தூண்டலாகிவிடும் வாய்ப்பு உண்டு. தூய்மையை, ஒளிரும் சாயமேற்றிய செல்களை ஒவ்வொன்றாக லேசரில் அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் சரிபார்க்காமல் அடுத்த படிக்குப் போகக்கூடாது. மோனோசைட்டுகள் இரண்டு, மூன்று சதவீதம் தங்கியிருந்தாலே முடிவு மாறலாம்.

தூண்டல்: சைகைகளைத் தனித்தனியாகவும் சேர்த்தும் கொடுத்தல்

ஆர்பிஎம்ஐ 1640 ஊடகத்தில் 10 சதவீதம் கன்றுச் சீரம், குளுட்டமின், பெனிசிலின்-ஸ்ட்ரெப்டோமைசின் சேர்த்து, 37 டிகிரி செல்சியசில், 5 சதவீதக் கரியமில வாயுவில் வளர்க்க வேண்டும். டிஜிஎஃப்-பீட்டாவின் விளைவைத் தனியாக ஆராய்பவர் மட்டும் சீரமில்லா ஊடகத்துக்கு மாற வேண்டும், ஏனென்றால் கன்றுச் சீரத்திலேயே செயலற்ற வடிவில் அந்தக் காரணி உள்ளது.

குழிகளை இவ்வாறு அமைக்கலாம். எதுவும் சேர்க்காத குழி ஒன்று; ஐஎல்-12 மட்டும், மில்லிலிட்டருக்கு 10 நானோகிராம்; ஐஎல்-18 மட்டும், 50 நானோகிராம்; ஐஎல்-15 மட்டும், 10 நானோகிராம்; ஐஎல்-12, ஐஎல்-18 சேர்ந்தது; மூன்றும் சேர்ந்தது. இவற்றோடு, என்.கே. செல்களை அடக்கும் எச்எல்ஏ முதல் வகை மூலக்கூறுகள் ஏறத்தாழ இல்லாத கே562 என்ற இரத்தப் புற்றுநோய் செல்வரிசையைச் சம எண்ணிக்கையில் கலந்த குழியும், பிஎம்ஏ, அயனோமைசின் ஆகிய வேதிப்பொருள்களால் வலுக்கட்டாயமாகத் தூண்டப்பட்ட குழியும் வேண்டும். கடைசிக் குழி செல்கள் உயிர்ப்புடன் இருக்கின்றனவா, சாயம் வேலை செய்கிறதா என்பதற்கு மட்டுமே சான்று. உடலில் நடப்பதைப் பற்றி அது எதுவும் சொல்லாது. ஒவ்வொரு நிலையையும் மூன்று குழிகளில் செய்வது நல்லது, செல்கள் குறைவானால் இரண்டிலேனும்.

கே562 குழி தேவைப்படுவதற்கு வலுவான காரணம் உண்டு. தொடுதல் வழித் தூண்டலில் சிசிஎல்3, சிசிஎல்4 போன்ற கீமோகைன்கள் (மற்றச் செல்களை ஈர்க்கும் சைட்டோகைன்கள்) மிக எளிதாக வெளிவருகின்றன. டிஎன்எஃப்-உம் இன்டர்ஃபெரான்-காமாவும் அதைவிட வலிய தூண்டலைக் கேட்கின்றன. ஆகவே ஒரு நோயாளியின் என்.கே. செல்கள் கே562-ஐக் கண்டு இன்டர்ஃபெரான்-காமா சுரக்கவில்லை என்பதாலேயே அவை செயலிழந்துவிட்டன என்று சொல்ல முடியாது. சிசிஎல்4-ஐயும், கொல்லும் பொருள் நிறைந்த நுண்பைகள் வெளியேறியதைக் காட்டும் சிடி107ஏ-ஐயும் உடன் அளந்தால்தான் எந்தப் படியில் தடை என்பது தெரியும். சிடி107ஏ ஆன்டிபாடியை வளர்ப்பின் தொடக்கத்திலேயே சேர்க்க வேண்டும். அந்தப் புரதம் மேற்பரப்புக்கு வந்து மீண்டும் உள்ளே போய்விடும்.

நேரத்தைத் தேர்ந்தெடுப்பது தூண்டியைத் தேர்ந்தெடுப்பதற்குச் சமமான முடிவு. ஸ்டாட்5-இன் பாஸ்பரசேற்றத்தைப் பார்க்க 15 நிமிடம், ஸ்டாட்4-க்கு 30 முதல் 60 நிமிடம். தொடுதல் வழிச் சுரப்புக்கு 4 முதல் 6 மணி நேரம். ஐஎல்-12, ஐஎல்-18 வழிச் சுரப்புக்கு 16 மணி நேரம். ஐஎல்-10-ஐத் தேடுகிறீர்கள் என்றால் ஐஎல்-15-உம் ஐஎல்-12-உம் கொடுத்து நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். எலிகளில், தொற்று கட்டுக்கடங்காமல் நீடித்தபோதும் உடல் முழுவதும் பரவியபோதும்தான் என்.கே. செல்கள் ஐஎல்-10 சுரப்பது தெளிவாகக் காணப்பட்டது. மறுநாள் காலையில் அளந்துவிட்டு, ஐஎல்-10 இல்லை, எனவே தணிக்கும் வேலை இல்லை என்று எழுதுவது, கேட்கும் முன்பே பதிலை எழுதிவிடுவதாகும்.

பிரெஃபெல்டின்-ஏ: எப்போது சேர்ப்பது

செல்லுக்குள் சைட்டோகைனைச் சாயமேற்றிப் பார்க்க, சுரப்பைத் தடுத்து உள்ளேயே தேக்க வேண்டும். அதற்கு மில்லிலிட்டருக்கு 5 முதல் 10 மைக்ரோகிராம் பிரெஃபெல்டின்-ஏ சேர்க்கிறோம். இது எல்லாச் செல்களின் சுரப்பையும் தடுக்கிறது என்பது பலருக்கு நினைவில் இருப்பதில்லை. கலவைச் செல்களுக்கு பாக்டீரியாவின் எண்டோடாக்சினைக் கொடுத்து, என்.கே. செல்கள் என்ன செய்கின்றன என்று பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எண்டோடாக்சினை முதலில் உணர்வது மோனோசைட். அது ஐஎல்-12-ஐயும் மற்றவற்றையும் வெளியே விட்ட பிறகுதான் என்.கே. செல்லுக்குச் செய்தி போகிறது. தொடக்கத்திலேயே பிரெஃபெல்டினைச் சேர்த்துவிட்டால் மோனோசைட்டின் ஐஎல்-12 அதற்குள்ளேயே தேங்கிவிடும், என்.கே. செல்கள் அமைதியாக இருக்கும். எண்டோடாக்சினுக்கு இவை மறுமொழி தருவதில்லை என்ற பொய்யான முடிவு கிடைக்கும். எனவே 16 மணி நேரச் சோதனையில் 12-ஆவது மணியில் சேர்த்து, கடைசி 4 மணி நேரம் மட்டும் விட வேண்டும். ஆறு மணி நேரத்தைத் தாண்டினால் செல்கள் இறக்கத் தொடங்கும்.

இதே காரணத்தால், மேல்திரவத்தில் சுரந்த அளவை ஆன்டிபாடி கொண்டு அளக்கும் எலைசா சோதனைக்கான குழிகள் முற்றிலும் தனியாக இருக்க வேண்டும். அவற்றில் பிரெஃபெல்டின் கலக்கவே கூடாது. மேல்திரவத்தை எடுத்து, சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, மைனஸ் 80 டிகிரியில் வைத்துவிட வேண்டும். ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப உருக்கி உறையவைத்தால் அளவு குறையும். ஐஎல்-12, ஐஎல்-18 சேர்ந்த குழியின் மேல்திரவத்தை நீர்க்காமல் அளந்தால் அது பெரும்பாலும் நியம வளைகோட்டின் மேல் எல்லையைத் தாண்டிவிடும். பத்து மடங்கு, நூறு மடங்கு என இரு நீர்ப்புகளில் அளந்து, இரண்டும் ஒரே மூல அளவைத் தருகின்றனவா என்று ஒப்பிட்ட பிறகே எண்ணைக் குறிக்க வேண்டும்.

சாயமேற்றலும் ஃப்ளோ சைட்டோமெட்ரியும்

முதலில் இறந்த செல்களைக் காட்டும் சாயம், பிறகு ஆன்டிபாடிகளின் அடிப்பகுதியைப் பிடிக்கும் எஃப்சி ஏற்பிகளை அடைக்கும் கரைசல், பிறகு மேற்பரப்பு ஆன்டிபாடிகள், பிறகு ஃபார்மால்டிஹைடால் நிலைநிறுத்தல், கடைசியில் சப்போனின் கொண்டு சவ்வைத் துளைத்து உள்சாயம். இந்த வரிசை மாறக்கூடாது. இறந்த செல் எந்த ஆன்டிபாடியையும் பிடித்துக்கொள்ளும். நிலைநிறுத்திய பிறகு இறந்தது எது, உயிரோடிருந்தது எது என்று பிரிக்க முடியாது. சப்போனின் போடும் துளை நிரந்தரமானதன்று, அதை நீக்கியவுடன் சவ்வு மூடிக்கொள்ளும். எனவே உள்சாயம் ஏற்றும் போதும், அதற்குப் பின் கழுவும் போதும் கரைசலில் 0.1 சதவீதம் சப்போனின் இருந்துகொண்டே இருக்க வேண்டும். கழுவலில் அதை விட்டுவிட்டால், ஒட்டாமல் மிதக்கும் ஆன்டிபாடி உள்ளேயே அடைபட்டு, எல்லாச் செல்களும் சுரப்பவை போலத் தோன்றும்.

ஸ்டாட் புரதங்களுக்கு இந்த முறை போதாது. குளிர்ந்த 90 சதவீத மெத்தனால் வேண்டும். மெத்தனால், ஃபைக்கோஎரித்ரின் போன்ற புரதச் சாயங்களைச் சிதைத்துவிடும் என்பதால், அந்தச் சாயம் இணைந்த ஆன்டிபாடிகளை மெத்தனாலுக்குப் பிறகே சேர்க்க வேண்டும். சிடி56-க்கு எந்த ஆன்டிபாடி மெத்தனாலுக்குப் பின்னும் ஒட்டுகிறது என்பதை முன்கூட்டியே சோதித்து வைத்துக்கொள்வது நலம்.

கேட்டிங் செய்யும்போது, அதாவது தரவில் எந்தச் செல்களைக் கணக்கில் கொள்வது என எல்லை வரையும்போது, ஒற்றைச் செல்களைப் பிரித்து, இறந்தவற்றை நீக்கி, சிடி3, சிடி14, சிடி19 உள்ளவற்றை அகற்றி, எஞ்சியதில் சிடி56-ஐப் பார்க்க வேண்டும். பலர் அடுத்ததாகச் சிடி16-ஐ வைத்து உட்பிரிவுகளைக் குறிப்பார்கள். ஓய்வான செல்களில் இது சரி. தூண்டப்பட்ட செல்களில் ஏடிஏஎம்17 என்ற நொதி சிடி16-ஐ மேற்பரப்பிலிருந்து வெட்டி விட்டுவிடுகிறது. பிஎம்ஏ கொடுத்த குழியிலும், ஐஎல்-12, ஐஎல்-18 கொடுத்த குழியிலும் இதை வெளிப்படையாகக் காணலாம். ஓய்வான குழியில் வரைந்த அதே சிடி16 எல்லையைத் தூண்டிய குழியிலும் வைத்தால், சிடி16 உள்ள மங்கலான செல்கள் பாதி காணாமல் போனது போலவும், எங்கிருந்தோ சிடி16 இல்லாத புதிய கூட்டம் வந்தது போலவும் தோன்றும். உண்மையில் அவை அதே செல்கள்தான். சிடி56-இன் ஒளிர்வையே முதன்மையாகக் கொண்டு பிரித்து, சிடி16 குறைந்ததைத் தனித் தரவாகக் குறிப்பதே சரியான வழி. இன்டர்ஃபெரான்-காமாவின் எல்லையை, அந்த ஒரு சாயத்தை மட்டும் விட்டு மற்ற அனைத்தையும் சேர்த்த கட்டுப்பாட்டு மாதிரியைக் கொண்டு வரைய வேண்டும்.

அண்டைச் செல்லைக் கேட்டல்

இதுவரை செய்தது, என்.கே. செல் என்ன பெற்றது, என்ன தந்தது என்பதை மட்டுமே காட்டும். அழற்சியைக் கட்டுப்படுத்துகிறதா என்ற கேள்விக்கு விடை மேக்ரோஃபேஜிடம்தான் இருக்கிறது. இந்தப் பகுதி உழைப்பு மிகுந்தது; ஆயினும் இதைத் தவிர்த்த எந்த ஆய்வும் தலைப்பில் ஒழுங்குபடுத்தல் என்ற சொல்லைப் பயன்படுத்தக்கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

சிடி14 உள்ள மோனோசைட்டுகளைப் பிரித்து, மில்லிலிட்டருக்கு 50 நானோகிராம் எம்-சிஎஸ்எஃப் என்ற வளர்ச்சிக் காரணியைச் சேர்த்து 6 அல்லது 7 நாள் வளர்த்தால் மேக்ரோஃபேஜ்கள் கிடைக்கும். என்.கே. செல்களும் அதே கொடையாளரிடமிருந்தே வர வேண்டும். வேறு கொடையாளருடையதைக் கலந்தால், எச்எல்ஏ மூலக்கூறுகளுக்கும் அவற்றைக் கண்டு அடங்கும் கேஐஆர் ஏற்பிகளுக்கும் பொருத்தமின்மை ஏற்பட்டு, அழற்சியோடு தொடர்பில்லாத கொலை நடக்கலாம். ஆகையால் ஏழாம் நாள் மறுபடி இரத்தம் எடுப்பது நல்லது. இயலாவிட்டால் முதல் நாளே உறையவைத்த செல்களை உருக்கி, குறைந்த அளவு ஐஎல்-15-இல் ஓர் இரவு ஓய்வு கொடுத்துப் பயன்படுத்தலாம். உறைந்து உருகிய என்.கே. செல்களின் கொல்லும் திறன் குறைந்திருக்கும் என்பதால், புதிய மாதிரியையும் உறைந்த மாதிரியையும் ஒரே ஒப்பீட்டில் சேர்க்கக்கூடாது.

மேக்ரோஃபேஜ்களுக்கு மில்லிலிட்டருக்கு 10 நானோகிராம் எண்டோடாக்சின் கொடுத்து, நான்கு நிலைகளில் வைக்க வேண்டும். முதலாவது, மேக்ரோஃபேஜ் மட்டும். இரண்டாவது, என்.கே. செல்கள் நேரடியாகக் கலந்தது. மூன்றாவது, 0.4 மைக்ரோமீட்டர் துளைகள் கொண்ட சவ்வுக்கு அப்பால் என்.கே. செல்கள்; இதில் சைட்டோகைன்கள் கடந்து வரும், செல்கள் தொட முடியாது. நான்காவது, நேரடிக் கலவையோடு இன்டர்ஃபெரான்-காமாவை முடக்கும் ஆன்டிபாடி, மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம். இதற்கு இணையாக அதே அளவு, அதே வகை, ஆனால் எதையும் பிடிக்காத ஆன்டிபாடியுடன் ஒரு குழி. இருபத்து நான்கு மணி நேரம் கழித்து மேல்திரவத்தில் டிஎன்எஃப், சிஎக்ஸ்சிஎல்10 என்ற கீமோகைன் ஆகியவற்றையும், மேக்ரோஃபேஜின் மேல் எச்எல்ஏ-டிஆர் (அது தூண்டப்பட்டதைக் காட்டும் புரதம்) அளவையும், உயிரோடிருக்கும் மேக்ரோஃபேஜ்களின் எண்ணிக்கையையும் அளக்க வேண்டும். எண்ணிக்கைக்கு அளவறிந்த மணிகளைக் கலந்து ஃப்ளோ சைட்டோமெட்ரியில் எண்ணுவது நம்பகமானது.

சவ்வுக்கு அப்பால் இருந்தும் எச்எல்ஏ-டிஆர், சிஎக்ஸ்சிஎல்10 இரண்டும் உயர்ந்து, முடக்கும் ஆன்டிபாடியால் அந்த உயர்வு மறைந்தால், அது இன்டர்ஃபெரான்-காமா வழித் தூண்டல். மேக்ரோஃபேஜில் ஸ்டாட்1 பாஸ்பரசேற்றம் ஆகியிருப்பதையும் காட்டினால் சங்கிலி முழுமையாகும். நேரடிக் கலவையில் மட்டும் மொத்த டிஎன்எஃப் குறைந்து, உயிருள்ள மேக்ரோஃபேஜ்களும் குறைந்திருந்தால், அது தொட்டுக் கொல்லும் தணிப்பு. செல்கள் குறையாமல் டிஎன்எஃப் மட்டும் குறைந்தால் ஐஎல்-10-ஐச் சந்தேகித்து, அதன் ஏற்பியை அடைத்துப் பார்க்க வேண்டும். இவற்றில் இரண்டு ஒரே கிண்ணத்தில் நடப்பது வழக்கம். மொத்த டிஎன்எஃப்-ஐ உயிருள்ள மேக்ரோஃபேஜ்களின் எண்ணிக்கையால் வகுத்தால், எஞ்சிய ஒவ்வொரு செல்லும் முன்பைவிட அதிகமாகச் சுரப்பதும், ஆனால் கூட்டம் சிறுத்ததால் மொத்த அளவு குறைந்ததும் தெரியவரலாம்.

தொட்டுக் கொல்லும் தணிப்பு எவ்வளவு முக்கியம் என்பதை மனித நோய் ஒன்று காட்டுகிறது. இலக்குச் செல்லைத் துளைக்கும் புரதமான பெர்ஃபோரினின் மரபணுவில் இரு பிரதிகளும் பழுதான குழந்தைகளுக்கு ஹீமோஃபேகோசைட்டிக் லிம்போஹிஸ்டியோசைட்டோசிஸ் எனும் கடும் அழற்சி நோய் வருகிறது. இந்தத் தொடர்பு 1999-இல் கண்டறியப்பட்டது. அவர்களின் என்.கே. செல்களும் கொல்லும் டி செல்களும் தம்மைத் தூண்டும் செல்லைக் கொன்று விலக முடிவதில்லை. தொடர்பு நீடிக்க நீடிக்கச் சைட்டோகைன்கள் கொட்டிக்கொண்டே இருக்கின்றன. மேக்ரோஃபேஜ்கள் கட்டுக்கடங்காமல் பெருகுகின்றன. அங்கே சேதத்தை நடத்திச் செல்லும் முதன்மையான சைட்டோகைன் இன்டர்ஃபெரான்-காமா என்பதால், அதை முடக்கும் எமாபலுமாப் என்ற ஆன்டிபாடிக்கு அமெரிக்க மருந்து ஒழுங்காணையம் 2018 நவம்பரில் ஒப்புதல் அளித்தது. இத்தகைய நோயாளியின் என்.கே. செல்களில் இன்டர்ஃபெரான்-காமாவை மட்டும் அளந்தால் செல்கள் ஆரோக்கியமாக இருப்பதாகவே தோன்றும். பெர்ஃபோரினையும் கொல்லும் திறனையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் குறை வெளிப்படும்.

முடிவுகளைக் கெடுக்கும் காரணங்கள்

முதலில் சந்தேகிக்க வேண்டியது எண்டோடாக்சின் மாசு. வாங்கிய புரதத்திலோ ஊடகத்திலோ அது மிகச் சிறிதளவு இருந்தாலும் மோனோசைட் உணர்ந்துவிடும். எதுவும் சேர்க்காத கலவைக் குழியில் இன்டர்ஃபெரான்-காமா எழுந்தால், பிரித்தெடுத்த என்.கே. செல்களின் குழியைப் பாருங்கள். அங்கே இல்லையென்றால் மாசாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்தது கொடையாளரின் பின்னணி. ஸ்டீராய்டு மருந்துகள் இந்தச் சுரப்பை அடக்குகின்றன. டோஃபாசிட்டினிப் போன்ற ஜாக் தடுப்பான்கள் ஐஎல்-15-இன் பாதையையே மறிப்பதால் என்.கே. செல்களின் எண்ணிக்கையும் குறையலாம். சைட்டோமெகலோ வைரஸ் தொற்றுக்கு ஆளானவர்களில் பலரிடம் என்கேஜி2சி ஏற்பி கொண்ட ஒரு தனிக் கூட்டம் பெருகியிருக்கும். அந்தச் செல்கள் சிடி16 வழித் தூண்டலுக்கு மிகுந்தும், ஐஎல்-12, ஐஎல்-18 தூண்டலுக்குக் குறைந்தும் மறுமொழி தருபவை. நோயாளிக் குழுவையும் ஆரோக்கியக் குழுவையும் ஒப்பிடும்போது வயது, மருந்து, இந்த வைரஸின் நிலை ஆகிய மூன்றையும் பதிவு செய்யாவிட்டால், நோயின் விளைவு என்று காண்பது வேறொன்றின் விளைவாக இருக்கக்கூடும். இரத்தம் எடுக்கும் நேரத்தையும் இரு குழுவினருக்கும் ஒன்றாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

எலியில் செய்பவர்கள் சிடி56-ஐத் தேட வேண்டாம், எலியின் என்.கே. செல்களில் அது இல்லை. என்கே1.1, என்கேபி46 ஆகியவற்றைக் கொண்டு அடையாளம் காண வேண்டும். கல்லீரலில் அதே அடையாளங்களோடு முதல்வகை உள்ளார்ந்த லிம்போசைட்டுகளும் இருப்பதால், அங்கே சிடி49பி, சிடி49ஏ இரண்டையும் சேர்த்தே பிரிக்க வேண்டும்.

தரவை எழுதும் முறை

ஒரே கொடையாளரின் தூண்டிய குழியையும் தூண்டாத குழியையும் இணையாக ஒப்பிடும் புள்ளியியல் முறையையே பயன்படுத்த வேண்டும், ஏனென்றால் கொடையாளர்களுக்கிடையே உள்ள வேறுபாடு பெரும்பாலும் தூண்டலின் வேறுபாட்டைவிடப் பெரியது. பின்னணி அளவைக் கழித்துக் காட்டலாம். பின்னணியால் வகுத்து எத்தனை மடங்கு என்று காட்டுவது, பின்னணி பூஜ்யத்தை ஒட்டி இருக்கும்போது பொருளற்ற பெரிய எண்களைத் தரும். சுரக்கும் செல்களின் சதவீதத்தோடு, ஒரு செல்லின் சராசரி ஒளிர்வையும், மொத்த என்.கே. செல் எண்ணிக்கையையும் சேர்த்து எழுத வேண்டும். சதவீதம் உயர்ந்தது செல்கள் அதிகம் சுரந்ததாலா, சுரக்காதவை இறந்துபோனதாலா என்பதை அப்போதுதான் படிப்பவர் பிரித்தறிய முடியும். ஒவ்வொரு படத்தின் கீழும் எந்தத் தூண்டி, எத்தனை மணி நேரம், பிரெஃபெல்டின் சேர்த்த மணி, கலவையா பிரித்தெடுத்ததா, புதியதா உறைந்ததா என்ற ஐந்தையும் குறிப்பிட வேண்டும். மேக்ரோஃபேஜ் சோதனை செய்யாத ஆய்வில், அழற்சியைத் தூண்டுகிறது அல்லது தணிக்கிறது என்று எழுதாமல், இந்தத் தூண்டலில், இந்த நேரத்தில், இந்தச் சைட்டோகைன் கூடியது அல்லது குறைந்தது என்ற அளவில் நிறுத்திக்கொள்ள வேண்டும்.